மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பும் உணவுவழிச் சிகிச்சையும்

மனித குலம் அறிந்த மிகப் பழைய நோய்களுள் வலிப்பு நோயும் ஒன்றாகும். அதனைப் பேயின் வேலை என்றும் தெய்வக் குற்றம் என்றும் கருதிய காலம் முற்றாக மறைந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. பிள்ளை வலிப்பு வந்து விழுந்ததும் அதன் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும், நூல் கட்டுவதும், பெண் பிள்ளையாயின் பிற்காலத் திருமணத்தை எண்ணி நோயையே மறைப்பதும் எமது சமூகங்களில் இன்னமும் காணப்படும் வழக்கங்களே. உண்மையில் வலிப்பு என்பது மூளையின் நரம்புக் கலங்கள் ஒரே வேளையில் கட்டுமீறி மின் கணத்தாக்கங்களை வெளிவிடுவதால் உண்டாகும் நிலையாகும். அது மனநோயுமன்று, தொற்றுநோயுமன்று, எவருடைய பாவத்தின் பலனுமன்று.

இந்நோய்க்கு மாத்திரைகளே முதற் சிகிச்சை. எனினும், மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள பிள்ளைகளுக்கு உணவையே மருந்தாக அளந்து கொடுக்கும் சிகிச்சை முறையொன்று நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகில் இருந்து வருகின்றது. ‘கீட்டோஜெனிக் உணவுமுறை’ என்பது அதன் பெயர். உடல் மெலிவதற்காக வளர்ந்தோர் கைக்கொள்ளும் ‘கீட்டோ’ உணவு பற்றிய பேச்சு எங்கும் கேட்கும் இக்காலத்தில், பெற்றோர் இரண்டு தவறான முடிவுகளுக்கு வர இடமுண்டு. உணவாலேயே வலிப்பு தீருமென்று நம்பி மாத்திரையை நிறுத்துவது ஒன்று. இதுவும் ஒரு வகைக் கைவைத்தியமே என்று ஒதுக்கி, பயன்படக்கூடிய பிள்ளைக்கும் அந்த வாய்ப்பை இல்லாமற் செய்வது மற்றையது. இரண்டுமே பிள்ளைக்குத் தீங்கானவை. இச்சிகிச்சை யாருக்கு உரியது, எவ்வளவு பயன் தரும், எவற்றைக் குறித்து அவதானமாக இருக்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

இரண்டு மருந்துகள் பயனளிக்காதபோது

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் 80 வீதத்துக்குக் கிட்டியோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உரிய முறையில் நோய் இனங்காணப்பட்டு மருந்து வழங்கப்பட்டால் 70 வீதமானோர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்றும் அந்த ஸ்தாபனம் கூறுகின்றது. ஆகவே, முதலில் நம்பிக்கை வைக்க வேண்டியது மாத்திரைகளின் மீதே.

எஞ்சியவர்களின் நிலை வேறு. 2000ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து வெளியான ஆய்வொன்றில், அதற்கு முன் மருந்து உட்கொண்டிராத 470 நோயாளர்கள் அவதானிக்கப்பட்டனர். முதல் மருந்துடனேயே 47 வீதமானோருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தினால் வலிப்பு நின்றோர் 14 வீதத்தினர் மட்டுமே. முதலிரு மருந்துகளும் பயனளிக்காவிடின், மேலும் மேலும் மருந்தை மாற்றுவதால் வலிப்பு முற்றாக நிற்கும் வாய்ப்பு விரைவாகக் குறைந்து செல்கின்றது என்பதையே இது உணர்த்துகின்றது. இதன் அடிப்படையிலேயே, பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காத நிலையை ‘மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு’ என்று வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேசச் சங்கம் 2010ஆம் ஆண்டில் வரையறுத்தது.

அத்தகைய பிள்ளையின் வாழ்வு இடர் மிக்கது. நாளொன்றுக்குப் பல தடவை வலிப்பு வரும் பிள்ளை விழுந்து காயப்படுகின்றது, கற்றதை மறக்கின்றது, பேச்சும் நடையும் பின்தங்குகின்றன. அளவு கூட்டப்பட்ட பல மருந்துகளின் மயக்கமும் இவற்றுடன் சேர்ந்துகொள்கின்றது. இந்தக் கட்டத்தில் வைத்தியர்கள் ஆராயும் வழிகளுள் ஒன்று சத்திரசிகிச்சை. மூளையின் ஒரு குறித்த இடத்திலிருந்தே வலிப்பு எழுகின்றது என்பது ஈ.ஈ.ஜி. மற்றும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைகளில் தெளிவானால் சத்திரசிகிச்சையே சிறந்த தீர்வாக அமையக்கூடும். உணவுச் சிகிச்சைக்காக அதனைப் பின்போடுதல் தகாது. சத்திரசிகிச்சைக்கு இடமில்லாத பிள்ளைகளுக்கே உணவுவழிச் சிகிச்சை முக்கியமான வாய்ப்பாகின்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலுடன் வரும் வலிப்பு வேறு. வலிப்பு நோய் வேறு. காய்ச்சல் வலிப்பு கண்ட பெரும்பாலான குழந்தைகள் வளர வளர அதிலிருந்து நீங்கிவிடுகின்றனர். அவர்களுக்கு இவ்வுணவுமுறை தேவையில்லை.

பட்டினியிலிருந்து பிறந்த சிகிச்சை

கிறிஸ்துவுக்கு முன் 400ஆம் ஆண்டளவில் கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸின் மரபைச் சேர்ந்த வைத்தியர்கள், ‘புனித நோய்’ என அக்காலத்தில் அழைக்கப்பட்ட வலிப்பு ஏனைய நோய்களைப் போன்றதே என்றும் அது மூளையில் தோன்றுகின்றது என்றும் எழுதி வைத்தனர். உணவை நிறுத்தினால் வலிப்பு அடங்குவதையும் பண்டைய வைத்தியர்கள் அவதானித்திருந்தனர். நவீன காலத்தில், 1911ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குவெல்பா, மாரி ஆகிய இரு வைத்தியர்கள் பட்டினியினால் வலிப்பு குறைவதை அறிக்கையிட்டனர். பத்தாண்டுகளின் பின் அமெரிக்காவிலும் இதே அனுபவம் பதிவாகியது. ஆயினும், எந்தப் பிள்ளையையும் காலமெல்லாம் பட்டினி போட்டு வைத்திருக்க முடியாதல்லவா?

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த வைத்தியர் ரசல் வைல்டர் ஆவார். பட்டினியின்போது உடல் தன் கொழுப்பை எரிக்கின்றது. அதனால் கீட்டோன்கள் என்னும் பொருட்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. உணவில் மாச்சத்தைப் பெரிதும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால், பட்டினி கிடக்காமலேயே இதே நிலையை உண்டாக்கலாம் என்று 1921ஆம் ஆண்டில் அவர் முன்மொழிந்தார். ‘கீட்டோஜெனிக்’ என்ற பெயரும் அவர் இட்டதே. 1925ஆம் ஆண்டில் அதே நிலையத்தைச் சேர்ந்த பீட்டர்மன், பிள்ளையின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு ஒரு கிராம் புரதம், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை மாச்சத்து, எஞ்சிய சக்தி முழுவதும் கொழுப்பிலிருந்து என்று அளவுகளை வகுத்துக் கொடுத்தார். இன்று பின்பற்றப்படும் முறையின் அடிப்படை அதுவே.

1938ஆம் ஆண்டில் பெனிற்றொயின் மருந்தின் பயன் கண்டறியப்பட்டதும் நிலைமை மாறியது. ஒவ்வொரு வேளை உணவையும் நிறுத்துக் கொடுப்பதிலும் பார்க்க ஒரு மாத்திரையை விழுங்கச் செய்வது எளிது. ஆகவே உணவுச் சிகிச்சை மெல்ல மெல்ல மறக்கப்பட்டது. பால்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை போன்ற மிகச் சில இடங்களே அதனைக் கைவிடாது காத்தன. 1993ஆம் ஆண்டில் ஹொலிவூட் திரைப்பட இயக்குநர் ஜிம் ஆப்ரகாம்ஸின் சிறு வயது மகன் சார்லி, பல மருந்துகளும் சத்திரசிகிச்சையும் பயனளிக்காத நிலையில் அங்கு இவ்வுணவைத் தொடங்கி வலிப்பிலிருந்து மீண்டான். இப்படியொரு சிகிச்சை இருப்பதைத் தந்தை அறிந்துகொண்டது வைத்தியர்கள் மூலம் அல்ல. நூலகத்தில் தாமாகத் தேடிப் படித்தபோதே. ஏனைய பெற்றோருக்கு அந்த நிலை ஏற்படக்கூடாது என்று 1994ஆம் ஆண்டில் அவர் மகனின் பெயரால் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1997ஆம் ஆண்டில் மெரில் ஸ்ட்ரீப் தாயாக நடித்த தொலைக்காட்சித் திரைப்படம் ஒன்றையும் இயக்கினார். உறங்கிக் கிடந்த சிகிச்சை மீண்டும் உலகின் கவனத்துக்கு வந்தது இவ்வாறுதான்.

உடலில் நிகழ்வது என்ன?

சாதாரணமாக மூளை குளுக்கோசையே எரிபொருளாகக் கொள்கின்றது. சோறு, பாண், சீனி முதலிய மாச்சத்து உணவுகளிலிருந்தே அது கிடைக்கின்றது. அந்த வரவு குறைந்ததும் ஈரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களை உருவாக்குகின்றது. மூளை அவற்றை மாற்று எரிபொருளாக ஏற்றுக்கொள்கின்றது. இந்த மாற்றத்தினால் நரம்புக் கலங்களின் கட்டுமீறிய கிளர்ச்சி தணிகின்றது. இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் கூறப்படுகின்றன. கீட்டோன்களின் நேரடி விளைவு, மூளையின் சக்திப் பயன்பாடு மாறுதல், சில கொழுப்பமிலங்களின் செயல், குடல் நுண்ணுயிர்களில் ஏற்படும் மாற்றம் எனப் பலவற்றையும் ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். எந்தவொரு தனி விளக்கமும் முடிந்த முடிபாக இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

பாரம்பரிய முறையில் நான்கு பங்கு கொழுப்புக்குப் புரதமும் மாச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு என்ற விகிதம் கடைப்பிடிக்கப்படுகின்றது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரியும், புரதத்திலும் மாச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரியும் உண்டு. எனவே இவ்விகிதத்தில் பிள்ளை பெறும் சக்தியில் 90 வீதம் கொழுப்பிலிருந்தே வருகின்றது. ஒவ்வொரு உணவும் கிராம் கணக்கில் தராசில் நிறுக்கப்பட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கும் வேகமாக வளர்வோருக்கும் விகிதம் சற்றுத் தளர்த்தப்படுவதுண்டு.

இக்கடுமையைக் குறைக்க வேறு வடிவங்களும் தோன்றின. 1971ஆம் ஆண்டில் ஹட்டன்லொக்கர் என்னும் வைத்தியர், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எனப்படும் ஒரு வகை எண்ணெயைப் பயன்படுத்தினால் பிள்ளை சற்றுக் கூடுதலாக மாச்சத்தை உண்ணலாம் என்று காட்டினார். 2003ஆம் ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை ‘மாற்றியமைக்கப்பட்ட அட்கின்ஸ் முறை’ பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டது. இதில் மாச்சத்து மட்டுமே அளக்கப்படுகின்றது. தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் அளவில் அது மட்டுப்படுத்தப்படும், புரதத்துக்குக் கட்டுப்பாடில்லை, தாராளமாகக் கொழுப்பு உண்ண ஊக்குவிக்கப்படும். 2005ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையிலிருந்து, இரத்தத்தில் சீனியை மெதுவாக ஏற்றும் உணவுகளை மட்டும் தெரிவு செய்யும் இன்னொரு முறை அறிமுகமாகியது. வீட்டின் வசதியையும் பிள்ளையின் வயதையும் பார்த்து எதனைத் தெரிவு செய்வது என்று வைத்தியரும் போசணையியலாளரும் தீர்மானிப்பர்.

ஆய்வுகள் கூறுவது

நெடுங்காலமாக இச்சிகிச்சைக்குச் சான்றாக இருந்தவை தனித்தனி வைத்தியசாலைகளின் அனுபவங்களே. 2008ஆம் ஆண்டில் இலண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் குழுவினர் அக்குறையைப் போக்கினர். குறைந்தது இரண்டு மருந்துகள் பயனளிக்காத, 2 முதல் 16 வயது வரையான 145 பிள்ளைகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு உடனே உணவுச் சிகிச்சை தொடங்கப்பட்டது. மற்றக் குழு மூன்று மாதங்கள் காத்திருந்தது. இரு குழுவினரும் தத்தம் மருந்துகளைத் தொடர்ந்தனர். மூன்று மாத முடிவில் உணவுச் சிகிச்சை பெற்றவர்களில் 38 வீதமானோருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. காத்திருந்தோரில் அவ்வாறு குறைந்தது 6 வீதத்தினருக்கே. 90 வீதத்துக்கு மேல் வலிப்பு குறைந்தோர் உணவுக் குழுவில் 7 வீதம். மற்றக் குழுவில் ஒருவருமில்லை.

தெற்காசியருக்கு மேலும் நெருக்கமான ஆய்வு புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தில் நடைபெற்று 2013ஆம் ஆண்டில் வெளியானது. 2 முதல் 14 வயது வரையான 102 பிள்ளைகள் அதில் பங்குபற்றினர். மாற்றியமைக்கப்பட்ட அட்கின்ஸ் முறையை மூன்று மாதம் பின்பற்றியோரில் 52 வீதமானோருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது; வழமையான உணவை உண்டோரில் அது 11.5 வீதமாக இருந்தது. தானியத்தையே தலைமை உணவாகக் கொண்ட குடும்பங்களிலும் இம்முறையைக் கைக்கொள்ளலாம் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இவ்வெண்களை இரு பக்கமிருந்தும் வாசிக்க வேண்டும். எல்லா மருந்துகளும் கைவிட்ட பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கோ இருவரில் ஒருவருக்கோ வலிப்பு பாதியாகக் குறைவது சிறிய விடயமன்று. அதேவேளை, பாதியளவினருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ அந்தப் பயன் கிட்டவில்லை என்பதும் உண்மையே. ஆய்வுகள் சிறியவை, யார் எந்த உணவை உண்கின்றார் என்பதை மறைத்து நடத்தவும் முடியாதவை. ஆகவே சான்றுகளை மதிப்பிடுவோர் அவற்றின் வலுவை எச்சரிக்கையுடனேயே குறிப்பிடுகின்றனர்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. குளுக்கோசை மூளைக்குள் கொண்டு செல்லும் புரதத்தில் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இவ்வுணவே முதற் சிகிச்சை. பைருவேற்று டீஹைட்ரொஜினேஸ் என்னும் நொதியக் குறைபாட்டுக்கும் அவ்வாறே. கைக்குழந்தைகளின் உடல் திடீர் திடீரென மடங்கும் வெஸ்ட் நோய்க்குறி, டிராவே நோய்க்குறி முதலிய கடும் வலிப்பு வகைகளிலும் இதனைச் சற்று முன்னதாகவே சிந்திக்க வேண்டும் என்று நிபுணர்கள் கருதுகின்றனர்.

எமது அடுக்களையில்

நாளொன்றுக்கு 10 கிராம் மாச்சத்து என்பது எவ்வளவு? நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாச்சத்து உண்டு. அவ்வாறாயின், இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டிச் சோற்றுடன் அன்றைய பங்கு முடிந்துவிடும். ஒரு துண்டுப் பாண் அதனைத் தாண்டிவிடும். ஒரு வாழைப்பழம் இரண்டு நாட்களுக்குரியதை விழுங்கிவிடும். தேநீரில் இடும் ஒரு தேக்கரண்டிச் சீனியில் 4 கிராம் உண்டு. இடியப்பம், பிட்டு, தோசை, ரொட்டி, மரவள்ளிக்கிழங்கு என்று எமது மூன்று வேளை உணவும் இவ்வெல்லைக்கு வெளியே நிற்பதை இதிலிருந்து உணரலாம். பருப்பும் கடலையும் புரத உணவுகள் என்று எண்ணப்பட்டாலும் அவற்றிலும் மாச்சத்து கணிசமாக உண்டு.

எனினும் எமது உணவுப் பழக்கத்தில் துணை நிற்பவையும் இருக்கின்றன. முட்டை, மீன், இறைச்சி, நெய், பட்டர், தேங்காயெண்ணெய், கீரை வகைகள், கத்தரிக்காய், வெள்ளரிக்காய் முதலியவற்றைக் கொண்டு உணவு அமைக்கலாம். அளந்து பயன்படுத்தினால் கெட்டித் தேங்காய்ப்பாலும் மிகவும் உதவும். மாமிசம் உண்ணாத குடும்பங்களில் பாற்கட்டி, நெய், சோயா, கச்சான் முதலிய கொட்டை வகைகள் ஆகியவற்றைக் கொண்டு திட்டமிட முடியும். ஆனால் அதற்குக் கூடுதல் கவனம் தேவை. ஹலால் முறைக்கும் இவ்வுணவுக்கும் முரண்பாடில்லை. பெருநாள் வட்டிலப்பத்தை எடுத்துக்கொண்டால், அதிலுள்ள முட்டையும் தேங்காய்ப்பாலும் இவ்வுணவுக்கு ஏற்றவை, பனங்கட்டியே ஆகாதது. போசணையியலாளர் அனுமதிக்கும் இனிப்பூட்டியைப் பயன்படுத்தினால் பெருநாளன்று பிள்ளையும் குடும்பத்தோடு அமர்ந்து உண்ண வழியுண்டு.

தேங்காயெண்ணெய் குறித்து ஒரு தெளிவு வேண்டும். சிகிச்சையில் பயன்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு தேங்காயெண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவது உண்மையே. ஆயினும் அச்சிகிச்சை எண்ணெயின் முக்கிய கூறுகளான இரு கொழுப்பமிலங்களும் சாதாரணத் தேங்காயெண்ணெயில் சிறு பங்காகவே உள்ளன. அதன் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலமாகும். ஆகவே, தேங்காயெண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிக்கக் கொடுப்பது இச்சிகிச்சைக்கு ஈடாகாது.

கண்ணுக்குத் தெரியாத சீனியும் உண்டு. பரசிற்றமோல் பாணி, இருமல் பாணி, சுவையூட்டிய விற்றமின் மருந்துகள் முதலியவற்றில் சீனி கலந்திருக்கலாம். எந்த வைத்தியரிடம் சென்றாலும், எந்த மருந்தகத்தில் மருந்து வாங்கினாலும் பிள்ளை இவ்வுணவில் இருப்பதை முதலில் கூற வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் காரணமாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும்போது ஏற்றப்படும் சேலைனில் குளுக்கோசு சேர்ப்பதா என்பதையும் அதனை அறிந்த பின்னரே வைத்தியர்கள் தீர்மானிப்பர்.

அவதானிக்க வேண்டிய தீங்குகள்

உணவு தானே, என்ன கெடுதல் வரப்போகின்றது என்று எண்ணுவோர் உளர். இது சாதாரண உணவன்று. பக்கவிளைவுகள் உள்ள ஒரு மருந்து. தொடக்க நாட்களில் வாந்தி, சோர்வு, இரத்தத்தில் சீனி குறைதல் ஆகியன ஏற்படலாம். இதனாலேயே பாரம்பரிய முறை பெரும்பாலும் வைத்தியசாலையில் வைத்துத் தொடங்கப்படுகின்றது. பின்னர் மலச்சிக்கல் பலருக்கும் உண்டாகின்றது. இரத்தக் கொழுப்பு உயரலாம். ஏறத்தாழ இருபது பிள்ளைகளில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் தோன்றக்கூடும். நீண்ட காலம் தொடர்ந்தால் உயரம் வளர்வது மந்தமாகலாம், என்புகள் வலுவிழக்கலாம். பழமும் தானியமும் குறைவதால் விற்றமின்களும் கல்சியமும் தனியாகக் கொடுக்கப்பட வேண்டும். போதிய நீர் அருந்துதல், உயரத்தையும் நிறையையும் அளத்தல், குறித்த காலத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்தல், சிறுநீரிலுள்ள கீட்டோன் அளவைப் பரிசோதனைத் தாளால் பார்த்தல் என்பவை இச்சிகிச்சையின் பிரிக்க முடியாத அங்கங்களாகும்.

இவற்றினும் பாரதூரமான ஒன்று உண்டு. கொழுப்பை உடைத்துச் சக்தியாக்கும் நொதியங்களில் பிறவிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இவ்வுணவு உயிராபத்தை விளைவிக்கக்கூடும். காணிற்றின் குறைபாடு, பைருவேற்று காபொக்சிலேஸ் குறைபாடு, போபிரியா முதலிய நோய்களிலும் இது தடை செய்யப்பட்டுள்ளது. இக்குறைபாடுகளுட் சில வலிப்பாகவே முதலில் வெளிப்படலாம். வெளித்தோற்றத்தைக் கொண்டு அவற்றை அறிய இயலாது, பரிசோதனைகள் தேவை. அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பயனளித்தது என்றோ, காணொளியில் பார்த்தோம் என்றோ வீட்டிலேயே தொடங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதுமானது.

மாத்திரைகளை நிறுத்துவதும் அதே போன்றதே. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். உணவு நன்கு பயனளித்த பிள்ளைகளில் மருந்துகளைக் குறைக்க முடிவதுண்டு. ஆனால் எதனை, எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது வைத்தியரின் தீர்மானமாகும். 2022ஆம் ஆண்டில் நாடு சந்தித்த பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டின் கொடுமையை நாம் அனைவரும் கண்டோம். மருந்து கிடைக்காத வேளையில் அதற்குப் பதிலாகக் கைக்கொள்ளும் வழி இதுவன்று என்பதையும் சொல்லி வைத்தல் பொருத்தமானது.

நோன்பும் விரதமும்

பட்டினியால் வலிப்பு குறைந்தது என்ற வரலாற்றைக் கேட்கும் பெற்றோருக்கு, பிள்ளையை நோன்பு பிடிக்கச் செய்தால் அல்லது விரதம் இருக்கச் செய்தால் என்ன என்ற எண்ணம் எழலாம். பகல் முழுவதும் உண்ணாதிருந்து மாலையில் பேரீச்சம்பழத்துடனும் கஞ்சியுடனும் நோன்பு திறப்பதால், அல்லது பொழுது சாய்ந்ததும் பாலும் பழமும் உண்டு விரதம் முடிப்பதால் இவ்வுணவுமுறையின் விளைவு உண்டாவதில்லை. மாறாக, வேளைக்கு எடுக்க வேண்டிய மாத்திரை தவறுவதும், சஹருக்காக எழும்புவதால் உறக்கம் குலைவதும் வலிப்பைத் தூண்டக்கூடும். பருவ வயதை அடையாத பிள்ளைகள் மீது நோன்பு கடமையாக்கப்படவில்லை. நோயாளிக்கும் இஸ்லாம் சலுகை வழங்கியுள்ளது. நோயுற்ற பிள்ளையை வருத்தும் விரதத்தைச் சைவ மரபும் வேண்டுவதில்லை. ஐயமிருப்பின் வைத்தியரையும் சமயப் பெரியாரையும் கலந்தாலோசிப்பது நலம்.

வீடு முழுவதும் ஏற்க வேண்டிய பொறுப்பு

இச்சிகிச்சை தோல்வியுறுவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, அதனைத் தொடர இயலாமல் குடும்பங்கள் இடையில் கைவிடுவதாகும். தாய் தராசு வைத்து நிறுத்துக் கொடுத்த உணவை, பாட்டி இரக்கத்தால் கொடுத்த ஒரு மாவுருண்டை பயனற்றதாக்கிவிடக்கூடும். பாடசாலையில் நண்பன் பங்கிட்ட பிஸ்கட், பிறந்தநாள் வீட்டில் கிடைத்த கேக், கோயிலிலும் பள்ளிவாசலிலும் அன்போடு நீட்டப்படும் இனிப்பு ஆகிய ஒவ்வொன்றும் இச்சிகிச்சைக்குச் சோதனையே. எனவே தாயொருத்தியின் தோளில் மட்டும் சுமத்தாமல் தந்தையும் மூத்தோரும் சகோதரரும் அதனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வகுப்பாசிரியருக்கும் விளக்க வேண்டும். பிள்ளைக்குப் புரியும் வயதாயின், ஏன் இந்த உணவு என்பதை அதற்கும் எடுத்துரைத்தல் அவசியம். முட்டையும் பட்டரும் நெய்யும் விலை கூடியவை என்பதால், குடும்பத்தின் வருமானத்தையும் முன்னரே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இச்சுமை முடிவற்றதன்று என்பது ஆறுதலான செய்தி. குறைந்தது மூன்று மாதம் முறையாகப் பின்பற்றிய பின்பும் பயனில்லையேல் நிறுத்திவிடலாம். பயன் தெரிந்தால் பொதுவாக இரண்டு ஆண்டுகளளவில் தொடரப்பட்டு, பின்னர் சிறிது சிறிதாக வழமையான உணவுக்குத் திரும்பச் செய்யப்படும். வலிப்பு முற்றாக நின்று, அதன் பின் இவ்வுணவை விட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் தொடர்ந்தும் வலிப்பின்றி இருந்ததை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை 2007ஆம் ஆண்டில் அறிக்கையிட்டது. பிறவி நொதியக் குறைபாடு போன்ற சில நிலைகளில் மட்டும் நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கும்.

ஆகவே, இரண்டு மருந்துகள் கொடுத்தும் பிள்ளையின் வலிப்பு நிற்காத பெற்றோர் குழந்தை நரம்பியல் வைத்தியரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எமது பிள்ளையின் வலிப்பு எந்த வகையைச் சேர்ந்தது? சத்திரசிகிச்சைக்கு இடமுண்டா? உணவுவழிச் சிகிச்சை பொருந்துமா? பொருந்துமாயின் அதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனைகள் எவை? எம்மை வழிநடத்தும் போசணையியலாளர் யார்? வலிப்பு வந்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்துக்கொண்டு சென்றால் வைத்தியரின் தீர்மானத்துக்கு அது பெரிதும் துணையாகும்.

சுகாதாரத் துறையினருக்கும் இதில் கடமையுண்டு. இச்சிகிச்சைக்கு விலையுயர்ந்த இயந்திரமோ இறக்குமதி செய்த புதிய மருந்தோ தேவையில்லை. பயிற்சி பெற்ற போசணையியலாளரும், பரிசோதனை வசதியும், எமது உணவுப் பொருட்களைக் கொண்டு தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட உணவுப் பட்டியலும் தேவை. புதுடில்லியில் இயன்றது இங்கும் இயலாததன்று. நூலகத்தில் தாமே தேடிப் படித்து அறிந்துகொள்ள எல்லாத் தந்தையராலும் முடிவதில்லை. அவர்களுக்குரிய தகவல் வைத்தியசாலையிலிருந்தே உரிய வேளையில் கிடைக்க வேண்டும்.